பத்தடிக்குள்

மூன்றாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது வாட்சில் நூற்று ஐம்பத்து நான்கு என்று காட்டியது. அவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

நேரம் பார்க்க வாங்கிய வாட்ச் இல்லை அது. அம்மாவின் நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கென்றே வாங்கியது. அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு துணி ஆலையில் முப்பது வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு அக்கடா என்று வீட்டில் உட்கார வேண்டியவள், போன வருஷம் திடீரென்று ஓட ஆரம்பித்தாள். முதலில் தெருவைச் சுற்றி ஓடினாள், பிறகு பூங்காவைச் சுற்றி. பிறகு ஒருநாள் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, பால் வாங்கி வந்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அவன் குதித்தான், கத்தினான், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தான். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "அப்ப நானும் உன்கூட ஓடுவேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்தொன்பது. ஒரு வேலையை முடித்தால் மூன்று தடவை சரிபார்ப்பான். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து நான்காவது தடவை பார்க்கத் திரும்பிப் போவான். அதனால் கம்பெனியில் அவனுக்குச் 'செக்கிங்' என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அம்மாகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அப்பேர்ப்பட்டவன் அம்மாவைச் சும்மா ஓட விடுவானா? நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வாங்கி வந்தான். அதன் நடுவில் இரண்டு பிரஸ் பட்டனில் மாட்டிய கறுப்பு வில்லை. வில்லை துடிப்பை எண்ணி வாட்சுக்கு அனுப்பும். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"என் நெஞ்சை நீ பார்ப்பேன்னா உன் நெஞ்சை நான் பார்ப்பேன். சம்மதம்னா கட்டிக்கிறேன். இல்லேன்னா நீயே வச்சுக்கோ."

ஆகவே இன்னொரு பட்டை, இன்னொரு வாட்ச். அம்மாவின் வில்லை அவனுடைய வாட்சோடு பேசும். அவனுடைய வில்லை அம்மாவின் வாட்சோடு. கடைக்காரர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பேரும் பத்தடிக்குள்ள இருக்கணும் சார். தள்ளிப் போயிட்டா நம்பர் வராது, கோடுதான் வரும்." அது உண்மைதான். பயிற்சியின்போது ஒருநாள் அம்மா தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனதும் வாட்சில் இரண்டு கோடு விழுந்தது. அவன் தலைதெறிக்க ஓடிப் பார்த்தால், அம்மா ஒரு நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து பத்தடி என்பது அவனுக்குச் சட்டம்.

இத்தனை பயம் எதற்கு என்றால், அப்பாவால் வந்தது.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அந்த மாடிப்படியில், இரண்டாவது திருப்பத்தில், அப்பா பையோடு சரிந்து கிடந்தார். யாரோ பார்த்து, யாரோ தூக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தகவல் வந்தது. அன்று காலையில் சாப்பாட்டு மேஜையில் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வாயுடா. நேத்து தின்ன ரொட்டி" என்று சொல்லிச் சிரித்தார். அவன் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். இதை அம்மாவிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்தாவது கிலோமீட்டரில் நூற்று அறுபத்தாறு.

அம்மாவைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஊதா நிறத் தொப்பி, வியர்வை மின்னும் கன்னம், கால்கள் மிஷின் மிதித்த பழக்கத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தன. முன்னால் ஓடிய ஒரு குண்டு மனிதரின் சட்டையில் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து, "ஊசி நூல் இருந்தா ஓடிக்கிட்டே தச்சு விட்டுடுவேன்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள். பயிற்சியில் அம்மாவுக்கு நூற்று முப்பத்தைந்துக்கு மேல் போனதே இல்லை. இன்றைக்கு இப்படி ஏறுகிறது. ஆனால் ஆளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்பாவும் அன்றைக்குச் சிரிக்கத்தானே செய்தார்?

"உனக்கு எவ்வளவு தெரியுமா?" அம்மா தன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "நூத்து இருபத்தெட்டு! போன வாரம் நூத்து அறுபத்தஞ்சுன்னு காட்டுச்சு. கேட்டதுக்குப் பட்டை லூசா இருக்குன்னு சொன்னே. நேத்து சாயங்காலம் ரெண்டு பட்டையையும் பிடிச்சுத் தச்சேன் பாரு, இப்ப எவ்வளவு ஒழுங்கா இருக்கு!"

"ஆமாம்மா" என்றான்.

பட்டை லூசு என்று அவன் சொன்னது, அந்தப் பேச்சை அத்தோடு முடிப்பதற்காக. அம்மாவிடம் தையல் சம்பந்தமாக எதையாவது சொல்லிவிட்டால் போதும், மற்றதை மறந்துவிடுவாள். இப்போது அவள் பிடித்துத் தைத்ததில் பட்டை அவன் நெஞ்சை இறுக்கிக்கொண்டிருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் அந்த இறுக்கம் தோள் வரைக்கும் வந்தது. ஓடியபடியே சட்டைக்குள் விரலை விட்டுப் பட்டையைத் தளர்த்தினான். பட்டை தளர்ந்தது, இறுக்கம் தளரவில்லை. காலையில் அவசரமாக விழுங்கிய ரொட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஒன்பதாவது கிலோமீட்டர். நூற்று எழுபத்து நான்கு.

"அம்மா, கொஞ்ச தூரம் நடப்போம்."

"எதுக்கு?"

"உனக்கு ஏறுது."

"எனக்கு ஒண்ணும் ஏறலை. மூணு மணி நேரத்துல முடிக்கலேன்னா ரோட்டைத் திறந்துடுவாங்க. அப்புறம் பஸ்ஸுக்கு நடுவுலதான் ஓடணும்."

"அறுபத்து மூணு வயசுக்கு நூத்து எழுபத்து நாலு தாங்காதும்மா. ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீதான் பக்கத்துலயே இருக்கியே" என்று அம்மா அதை விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த வார்த்தை அவனைச் சுருக்கென்று தைத்தது. பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? அப்பா பக்கத்திலும்தான் இருந்தான். இந்தத் தடவை அவன் கண்ணெதிரே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அம்மாவும் சரிந்து விழுந்தால் அதற்குப் பிறகு அவன் எந்த முகத்தோடு உயிரோடிருப்பது? சாலையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. வாட்ச், அம்மாவின் முதுகு, வாட்ச், அம்மாவின் முதுகு என்று ஓடினான். இரண்டு தடவை குழியில் கால் வைத்துத் தடுமாறினான்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மருத்துவக் கூடாரம். அவன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தே விட்டான்.

"ஒரே ஒரு நிமிஷம். டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"கையை விடுடா."

"கெஞ்சிக் கேட்கறேன்மா."

"எல்லாரும் பார்க்கறாங்க, விடு! மூச்சு வாங்குதா எனக்கு? தலை சுத்துதா? நான் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கேன். நீ என்னைக் கட்டில்ல படுக்க வைக்கணும்னு நிக்கறே. உன்கூட ஓடறதுக்கு ஒரு போலீஸ்காரரோட ஓடலாம்!"

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கோப்பைகளை நீட்டினாள். அம்மா ஒன்றை வாங்கி அரை வாய் குடித்துவிட்டு மீதியைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். அவன் குடிக்கவில்லை. பத்தடி போய்விடுமே என்று பின்னால் ஓடினான்.

பதினான்கில் நூற்று எண்பத்து மூன்று. அவனுக்கே இப்போது மூச்சு இரைத்தது. பயத்தில் வருகிற மூச்சு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டான். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. இடது கையில் ஏதோ கனம். அந்தக் கையில்தான் வாட்ச், அதையே தூக்கித் தூக்கிப் பார்த்தால் வலிக்காதா? மனசுக்குள் பேரம் பேச ஆரம்பித்தான். இந்தப் பந்தயம் மட்டும் நல்லபடியாக முடியட்டும், அம்மா கேட்டதையெல்லாம் செய்கிறேன், ஓட வேண்டாம் என்று ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன், அந்த எண் மட்டும் இறங்கட்டும்.

அது இறங்கவில்லை.

பதினேழாவது கிலோமீட்டர் தாண்டியதும் மேம்பாலம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவன் மறுபடியும், "அம்மா, நூத்து எண்பத்தாறும்மா" என்றான். குரல் உடைந்து, பாதி அழுகையாக வந்தது.

அம்மா ஓட்டத்தை நிறுத்தவில்லை; தலையை மட்டும் திருப்பினாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

"காலையிலேர்ந்து நீ என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தியாடா? அந்த டப்பாவைத்தான் பார்க்கறே. உங்கப்பா போனதுலேர்ந்து என்னைப் பொணமாத்தான் பார்க்கறே. நான் இன்னும் சாகலை. போ, நீ மெதுவா வா. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறேன்."

சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

"அம்மா! பத்தடி! பத்தடிம்மா!"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தடி பதினைந்தாயிற்று, பதினைந்து முப்பதாயிற்று. அவன் பின்னால் ஓடப் பார்த்தான். கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. பாலத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊதாத் தொப்பி மற்றத் தொப்பிகளுக்கு நடுவே ஏறி, சின்னதாகி, வளைவில் மறைந்தது.

இப்போது கோடு வரும். இனி அம்மா விழுந்தால்கூட அவனுக்குத் தெரியாது. கையைத் தூக்கி வாட்சைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு கோடுகளுக்காகக் காத்திருந்தான்.

நூற்று எண்பத்தெட்டு.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். கோடு வரவில்லையே; அப்படியானால் அம்மா பக்கத்தில்தான் எங்கேயோ நிற்கிறாள், திரும்பி வந்துவிட்டாள். நிமிர்ந்து தேடினான். முன்னும் பின்னும் அறியாத முகங்கள். பாலத்தின் உச்சியில், இருநூறு அடிக்கு அப்பால், வளைவுக்கு வெளியே வந்த ஊதாத் தொப்பி ஒரு கணம் தெரிந்து அந்தப் பக்கம் இறங்கியது.

நூற்று எண்பத்தொன்பது.

லிஃப்ட் வேலைக்கு வருகிற புதுப் பையன்களுக்கு அவன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. வெளியே விளக்கு நான்காம் மாடி என்று காட்டலாம். பெட்டி இரண்டில் நிற்கலாம். கதவைத் திறந்து கண்ணால் பார்க்காமல் காலை வைக்காதே. இதை வாய் ஓயாமல் சொல்கிறவன், பதினேழு கிலோமீட்டராக ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்திருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் மேஜை மீது இரண்டு பட்டைகள் கிடந்தது நினைவுக்கு வந்தது. மிஷினில் கொடுப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அம்மா இரண்டு வில்லைகளையும் பட்டனிலிருந்து கழற்றி நூல் டப்பாவில் போட்டாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. தைத்து முடித்ததும் இரண்டையும் டக் டக்கென்று மாட்டிவிட்டு, "இந்தா உன்னுது" என்று ஒன்றை நீட்டினாள். எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறவன் அன்றைக்கு வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மூன்று மாடி ஏறி வந்ததில் அவ்வளவு அலுப்பு.

வில்லைகள் மாறியிருந்தன. நூற்று எண்பத்தெட்டு என்பது அம்மா இல்லை. அவன்.

அதுவரைக்கும் இருந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. வியர்வை ஒரேயடியாகச் சில்லிட்டது. தோளில் இருந்தது, கையில் இருந்தது, தாடையில் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது எல்லாமே இப்போது வலி என்று தெரிந்தது. நின்ற பிறகும் எண் இறங்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்று. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று பயமாக இருந்தது, நின்றால் விழுந்துவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது.

அந்த நேரத்திலும் அவன் புத்தி எங்கே போயிற்று என்று பாருங்கள். இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர்தான், மெல்ல நடந்தே போய்விடலாம், அம்மாவிடம் வாட்ச் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம், அவளாவது சந்தோஷமாக முடிக்கட்டும், நாளைக்கு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கம்பியைப் பிடித்தபடி நான்கடி எடுத்தும் வைத்துவிட்டான்.

அப்போதுதான் எதிர்த் திசையில் ஒரு சலசலப்பு. "ஏய், பார்த்து!", "யாரும்மா இது?" என்று ஆட்கள் ஒதுங்கினார்கள். ஓடி வருகிற அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு, பாலத்தின் மேலிருந்து கீழ்நோக்கி அம்மா வந்துகொண்டிருந்தாள். தொப்பி தலையில் இல்லை. வாட்ச் கட்டிய கையை முன்னால் நீட்டியபடி வந்தாள். இத்தனை நேரம் சீராக விழுந்த கால்கள் இப்போது தாறுமாறாக விழுந்தன.

"கோடு வரலைடா!" தூரத்திலிருந்தே கத்தினாள். "உன்னைக் காணோம், நம்பர் நிக்கவே இல்ல! இது என்னோடதுடா! உன்னோடது எவ்வளவு? எவ்வளவுடா காட்டுது?"

வந்த வேகத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. வாயு" என்றான். "காலையில தின்ன ரொட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்பது அவனுக்கு உறைத்தது. அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள்.

"வாயுன்னு சொல்லாதே. உங்கப்பா போறதுக்கு முந்தின நாள் ராத்திரி என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. நான் சுடுதண்ணி வச்சுக் கொடுத்துட்டுத் தூங்கிட்டேன்டா. இன்னி வரைக்கும் உன்கிட்ட அதைச் சொல்லலை. சொல்ல வாய் வரலை. வாயுன்னு மட்டும் சொல்லாதே. எங்க வலிக்குது, சொல்லு!"

அவன் வாயைத் திறந்தான். சோடா உடைத்துக் கொடுத்த காலை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஆனால் அதற்கு இது நேரமில்லை, அதைச் சொல்ல அவன் பிழைத்திருக்க வேண்டும்.

"நெஞ்சு வலிக்குதும்மா" என்றான். "தோள், இடது கை, தாடை. பயமா இருக்கும்மா."

அம்மா அவனைக் கம்பியோடு சாய்த்து உட்கார வைத்தாள். பிறகு, ஆலையில் முப்பது மிஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரலில், பாலமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். தையல் பிரிந்த சட்டைக்காரர் ஓட்டத்தை விட்டுவிட்டு விசிலடித்துக் கையை ஆட்டினார். யாரோ போன் செய்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று அவனுக்குத் தெரியவில்லை. எப்போது கண்ணைத் திறந்தாலும் அம்மாவின் முகம் அரையடி தூரத்தில் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குள் ஒரு நர்ஸ் அவன் சட்டையை வெட்டினாள். அம்மா இறுக்கித் தைத்த பட்டையும் அத்தோடு போயிற்று. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், நாக்குக்குக் கீழே ஒரு மாத்திரை வைத்தாள். திரையில் கோடு வளைந்து வளைந்து ஓடியது. அதைப் பார்த்த நர்ஸின் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவன் தேடினான். அவள் முகத்தைக் காட்டாமல் டிரைவரிடம், "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னாள்.

"சார், வலி எப்ப ஆரம்பிச்சுது? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"ஆறாவது கிலோமீட்டர்ல."

அம்மா குனிந்தாள். "பட்டை லூசுன்னு சொன்னியே, அது எப்போ?"

வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. அவன் அம்மாவையே பார்த்தான்.

"மூணு வாரமா" என்றான். "மாடிப்படி ஏறும்போதெல்லாம் வரும். ரெண்டாவது திருப்பத்துல நின்னுட்டு, சரியானதும் மேல வருவேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அம்மா தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கீழே போட்டாள், அவன் கையில் இருந்ததையும் கழற்றிப் போட்டாள். அது கட்டியிருந்த இடத்தில், வியர்வை அச்சின் மேல், இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அது அவள் வாய்க்கு எட்டாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நாற்பதோ ஐம்பதோ வரும்போது கணக்கு தப்பிவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்து, "அம்மா, கையை விடுங்க" என்று நர்ஸ் சொன்னபோதும் அவள் விடவில்லை. ஸ்ட்ரெச்சர் நகர, அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே, உரக்க எண்ணிக்கொண்டு கூடவே ஓடினாள்.